பள்ளிப் படிப்பிற்குப் பின் தொழிற்கல்வி: ஒரு வரலாற்றுப் பார்வை

பள்ளித் தேர்வு முடிவுகள் வெளியாகும் ஒவ்வோர் ஆண்டும் 'அடுத்து என்ன?' என்னும் கேள்வி நம் இல்லங்களில் எழுகின்றது. மதிப்பெண் இருந்தால் பொறியியல் அல்லது மருத்துவம். இல்லையேல் பாஸ்போர்ட் என இரண்டே வழிகள்தாம் உள்ளன என்று நம்மில் பலர் முடிவு செய்துவிடுகிறோம். மூன்றாவது வழியொன்று நெடுங்காலமாகத் திறந்திருப்பதை வரலாறு நமக்குக் காட்டுகின்றது.

1794ஆம் ஆண்டு சென்னைக் கோட்டையருகே எட்டு மாணவர்களுடன் நில அளவைப் பள்ளி ஒன்று தொடங்கப்பெற்றது. நிலத்தை அளக்கத் தெரிந்த கைகள் அன்றைய ஆட்சிக்குத் தேவைப்பட்டன. அப்பள்ளியே வளர்ந்து 1859இல் பொறியியல் கல்லூரியாகி, இன்று கிண்டியில் நிற்கின்றது. மருத்துவரான அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் தொடங்கிய கலைப் பள்ளியில் கைத்தொழில்களும் கற்பிக்கப்பட்டன. 1916இல் சென்னையில் தோன்றிய தொழிற்பள்ளி, 1946இல் மத்திய பாலிடெக்னிக் ஆயிற்று.

தொழிற்பள்ளியாகப் பிறந்ததே பின்னர் உயர்கல்வியாயிற்று என்பது இங்கு நோக்கத்தக்கது. ஆயினும், கல்லூரி ஒருபுறமும் பட்டறை மறுபுறமுமாகப் பிரிந்தபின், 'கைவேலை தேறாதவனுக்கு' என்னும் தவறான எண்ணம் சமுதாயத்தில் வேரூன்றிவிட்டது.

விடுதலைக்குப் பின் ஆலைகள் பெருகின. தேர்ந்த தொழிலாளர் தேவைப்பட்டனர். 1950இல் மத்திய அரசு கைவினைஞர் பயிற்சித் திட்டத்தைக் கொணர்ந்தது. ஐ.டி.ஐ. எனப்படும் தொழிற்பயிற்சி நிலையங்கள் அதன்வழிப் பெருகின. 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம், ஆலைகள் பழகுநர்களைச் சேர்த்து உதவித்தொகையும் அளிக்க வழிசெய்தது. தமிழகத்தில் 1978இல் மேல்நிலைக் கல்வி வந்தபோது தொழிற்பிரிவும் உடன் வந்தது.

இவ்வழியில் சென்றால் மேற்படிப்பு அடைபட்டுவிடும் என்று பெற்றோர் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் வேண்டியதில்லை. ஃபிட்டர், எலெக்ட்ரீஷியன் போன்ற ஈராண்டுப் பயிற்சி முடித்தவர், உரிய தகுதி பெற்றிருப்பின் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் அவ்வாறே பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேரலாம். பெண்மக்களுக்கெனத் தனியே பாலிடெக்னிக்குகளும் உள்ளன. சென்னை தரமணியிலுள்ள டாக்டர் தர்மாம்பாள் அரசு மகளிர் பாலிடெக்னிக் அவற்றுள் ஒன்று.

நம் இளைஞர் பலர் கைத்தொழில் அறிந்தும் சான்றிதழ் இன்மையால் அயல்நாடுகளில் உதவியாளராகவே காலம் கழிக்கின்றனர். ஓராண்டு வெல்டர் பயிற்சியோ ஈராண்டு எலெக்ட்ரீஷியன் பயிற்சியோ பெற்றுச் செல்பவர், தம் தொழிலின் பெயராலேயே வேலை கேட்க இயலும். விமானச் சீட்டுக்குக் கடன் வாங்குமுன் அவ்வீராண்டைப் பிள்ளைகளுக்கு அளிப்பது பெற்றோர் கடமையன்றோ?

ஆகவே, சேர்க்கைக்கு முன் அந்நிலையம் அரசின் அங்கீகாரம் பெற்றதா என்பதை விசாரியுங்கள். பட்டறையை நேரில் காணுங்கள். பிள்ளையின் விருப்பத்தைக் கேளுங்கள். மதிப்பெண் குறைந்த பிள்ளைக்கு மட்டுமன்றி, கருவியைக் கையிலெடுத்தால் முகம் மலரும் பிள்ளைக்கும் இவ்வழி உரியது என்பதை நினைவிற்கொள்வோமாக.