எங்கே கற்றாய் என்று கேளாத பரீட்சை

மரக்காணத்து உப்பளங்களுக்குத் தெற்கே, புதுச்சேரியின் எல்லையை ஒட்டிக் கிடக்கும் இரும்பை, மாகாளம் என்னும் பெயரோடு சம்பந்தர் பதிகம் பெற்ற பழம்பதி. தொண்டை நாட்டுப் பாடல்பெற்ற தலங்கள் 32இல் ஒன்று. அதன் அருகே 1968இல் தோன்றிய ஆரோவிலுக்குத் தம் பெயரை ஈந்த ஸ்ரீ அரவிந்தர், 1890இல் ஐ.சி.எஸ். போட்டிப் பரீட்சையில் கிரேக்க, லத்தீன் பாஷைகளில் சிறந்து விளங்கித் தேறியவர். ஆயினும் இளமை முதல் இங்கிலாந்திலேயே வளர்ந்தமையால், உத்தியோகப் பயிற்சிக்கு அவசியமான வங்காளத்தை, தமது சொந்தத் தாய்மொழியை, கேம்பிரிட்ஜில் ஓர் ஆங்கிலேயரிடம் கற்க நேர்ந்தது. அதே மனிதர் 1910இல் புதுச்சேரிக்கு வந்தபின், எந்தப் பரீட்சையின் நிர்ப்பந்தமும் இன்றி, பாரதியாரின் துணையோடு தமிழ் பயின்று ஆழ்வார் பாசுரங்களை ஆங்கிலத்தில் பெயர்த்தார் என்பதை இரும்பையின் கோயில் வாயிலில் நின்று நினைக்கையில் என் உள்ளம் நெகிழ்கிறது.

பாஷையைக் கற்பிக்கும் இடம் ஒன்று, அதற்கு மதிப்பிட்டு முத்திரை இடும் இடம் மற்றொன்று என்னும் இந்த நிலை, சென்னைச் சர்வகலாசாலையின் பிறப்பிலேயே அமைந்திருந்தது. 1857இல் லண்டன் சர்வகலாசாலையை முன்மாதிரியாகக் கொண்டு நிறுவப்பட்ட அது, தொடக்கத்தில் எதையும் எவருக்கும் கற்பிக்கவில்லை. பரீட்சை நடத்திப் பட்டம் வழங்குவதே அதன் கடமை. ஆங்கிலத்தோடு மற்றொரு பாஷையும் எழுத வேண்டும் என்று விதித்த அது, சமஸ்கிருதம், லத்தீன் முதலியவற்றின் வரிசையிலேயே தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய தேச பாஷைகளுக்கும் இடமளித்தது. அதற்கு மூன்று வருஷங்களுக்கு முன்னர், 1854இல், மெக்காலே குழு ஐ.சி.எஸ். பரீட்சைக்கு வகுத்த திட்டத்தில் கிரேக்கத்துக்கும் லத்தீனுக்கும் தலைக்கு 750 மதிப்பெண், சமஸ்கிருதத்துக்கும் அரபிக்கும் 375, தமிழுக்கோ ஒன்றுமில்லை. அதனோடு ஒப்பிட்டால் சென்னை செய்தது எத்துணைப் பெரிய காரியம் என்பது விளங்கும். கல்கத்தா, பம்பாய்ச் சர்வகலாசாலைகள் 1860களிலேயே தேச பாஷைகளை உயர்பரீட்சைகளிலிருந்து விலக்கிவிட, பம்பாயில் அவற்றை மீட்க நீதிபதி ரானடே தம் ஆயுளின் இறுதி வரை போராட வேண்டியிருந்தது. சென்னை மட்டும் அவ்வழியில் செல்லவில்லை.

இதன் பயன் யாதெனில், சர்வகலாசாலை தொட்டும் பாராத கல்வி அதன் மண்டபத்துள் பிரவேசித்தது. திண்ணைப் பள்ளியில் மணலிலும் ஓலையிலும் எழுதிப் பயின்ற ஆத்திசூடியும், ஆதீன மடங்களில் ஆசிரியர் வாய்மொழியாகக் கேட்ட நிகண்டும் இலக்கணமும், ஆங்கிலேயர் வகுத்த வினாத்தாளுக்கு விடை தரப் போதுமான மூலதனமாயின. இச்சர்வகலாசாலையின் முதல் பட்டதாரிகளாகிய சி.வை. தாமோதரம் பிள்ளையும் கறல் விசுவநாத பிள்ளையும் யாழ்ப்பாணத்தில் பயின்று, கடல் கடந்து வந்து பரீட்சை எழுதியவர்களே. இன்னும் வியப்பூட்டுவது உ.வே. சாமிநாதையரின் வரலாறு. சர்வகலாசாலைப் பரீட்சை ஒன்றையும் எழுதாத அவர், திருவாவடுதுறையில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பெற்ற புலமை ஒன்றையே துணையாகக் கொண்டு, 1880இல் கும்பகோணம் அரசாங்கக் கலாசாலையில் தமிழாசிரியராக அமர்ந்தார். அவருக்கு அச்சர்வகலாசாலையே 1932இல் டாக்டர் பட்டம் அளித்துத் தன்னைக் கௌரவித்துக்கொண்டது.

இக்கதவு எப்போதும் அச்சமின்றித் திறந்திருந்தது என்று சொல்வதற்கில்லை. 1902 அளவில் சர்வகலாசாலைப் பாடத்திட்டத்திலிருந்து தமிழ் முதலிய தேச பாஷைகளை நீக்கி அவற்றின் ஸ்தானத்தில் சமஸ்கிருதத்தை வைக்கும் யோசனை எழுந்தபோது, கிறிஸ்தவக் கலாசாலையில் தமிழாசிரியராயிருந்த பரிதிமாற் கலைஞர், எம்.எஸ். பூரணலிங்கம் பிள்ளையோடு சர்வகலாசாலைச் சபையினரைக் கண்டு வாதாடினார். 1901இல் தோன்றிய மதுரைத் தமிழ்ச் சங்கமும் உடன் நின்றது. அந்தணர் குலத்துப் பிறந்து, சமஸ்கிருதத்தையும் நன்கறிந்து, வி.கோ. சூரியநாராயண சாஸ்திரி என்ற பெயரைத் தமிழாக்கிப் புனைந்த அவ்வறிஞரின் வாதத்தில் பிற பாஷை மீது வெறுப்பின் நிழலும் இல்லை. மாணவன் வீட்டிலும் வீதியிலும் பெற்ற அறிவைச் செல்லாக் காசாக்குவது அநீதி என்பதே அதன் சாரம் என்று நான் கொள்கிறேன். யோசனை கைவிடப்பட்டது. மறு வருஷமே, முப்பத்துமூன்று வயதில், அவர் காலமானார்.

சர்வகலாசாலை தானே தமிழாராய்ச்சியை மேற்கொண்டது பின்னாளில்தான். கீழ்த்திசை ஆராய்ச்சி நிலையம் 1927இல் அமைந்தது. சர்வகலாசாலை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியின் தலைமைப் பதிப்பாசிரியராக அமர்ந்து, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட அதன் ஆறு தொகுதிகளையும் 1936இல் முற்றுவித்து, அவ்வாண்டே தமிழ்த்துறைத் தலைமையையும் ஏற்ற எஸ். வையாபுரிப் பிள்ளை, அதற்கு முன்னர் நீதிமன்றத்தில் வழக்காடி வந்தவர்.