ஆனதோத் நிலக்கிரயம்: எரேமியா 32இல் நம்பிக்கையும் ஐயமும்

புத்தாண்டு ஆராதனையில் நம் சபைகள் தரும் வாக்குத்தத்த அட்டைகளில் எரேமியா 29:11க்கு நிலையான இடம் உண்டு. 70 ஆண்டு சிறையிருப்பைச் சொல்லும் முந்தைய வசனத்தை எவரும் அச்சிடுவதில்லை. இப்படித் தனித்து வாசிக்கும்போது, நன்மையே நடக்கும் என்ற மன உறுதியே கடவுள் நம்பிக்கை என்றாகிவிடுகிறது. அதே நூலின் 32ஆம் அதிகாரம் இதற்கு இடந்தரவில்லை. அங்கே நம்பிக்கை ஒரு கிரயப் பத்திரமாக எழுதப்படுகிறது; அதுவும் ஐயம் தீராத நிலையில்.

யூதாவின் அரசன் சிதேக்கியாவின் 10ஆம் ஆண்டு. பாபிலோனியப் படை எருசலேமை முற்றுகையிட்டிருந்தது. நகரம் வீழும் என்று உரைத்த எரேமியா காவற்சாலை முற்றத்தில் அடைபட்டிருந்தார். பங்காளி அனாமெயேல் அங்கே வந்து, ஆனதோத்திலுள்ள தன் நிலத்தை வாங்கிக்கொள்ளும்படி கேட்டான். உறவினர் நிலத்தை மீட்கும் முறைமை லேவியராகமம் 25இல் உள்ளதுதான். ஆனால் முற்றுகைக் காலத்தில் நகருக்கு வெளியே உள்ள நிலத்துக்கு என்ன மதிப்பு? போதாக்குறைக்கு, எரேமியாவைக் கொல்லச் சதி செய்தவர்களும் ஆனதோத்தூரார்தாம் (11:21).

வாங்கிய முறையை நூல் விரிவாகவே சொல்கிறது. 17 சேக்கல் வெள்ளி, இன்றைய கணக்கில் ஏறத்தாழ 200 கிராம், தராசில் நிறுக்கப்படுகிறது. சாட்சிகள் கையொப்பமிடுகிறார்கள். முத்திரையிட்ட படி ஒன்று, திறந்த படி ஒன்று. இரண்டும் எரேமியாவின் எழுத்தர் பாருக்கின் கையில் கொடுக்கப்பட்டு, நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கப்படுகின்றன. இந்த முன்னெச்சரிக்கை வீணல்ல. 1982இல் எருசலேமின் தாவீதின் நகரப் பகுதி அகழாய்வில் கிடைத்த களிமண் முத்திரைகள், பாபிலோனியர் வைத்த தீயில் சுட்டு இறுகியவை. அவை காத்துநின்ற ஆவணங்களோ எரிந்துபோயின.

இரு வசனங்கள் என் வாதத்துக்கு அடிப்படை. அனாமெயேல் வருவான் என்று முன்பே அறிவிக்கப்பட்டிருந்தும், அவன் வந்து நின்ற பிறகுதான் அது கர்த்தருடைய வார்த்தை என்று அறிந்துகொண்டதாக எரேமியாவே சொல்கிறார் (32:8). தீர்க்கதரிசிக்கே தெளிவு பிந்தித்தான் வந்தது. அடுத்தது 32:16. பத்திரத்தைக் கொடுத்து முடித்த பின்னர்தான் அவர் ஜெபிக்கிறார். நகரம் கல்தேயர் (பாபிலோனியர்) கையில் போகும்போது நிலம் வாங்கச் சொன்னீரே என்ற திகைப்பில் அந்த ஜெபம் முடிகிறது. ஐயம் செயலைத் தடுக்கவில்லை. செயலும் ஐயத்தை விழுங்கவில்லை. கிடைத்த மறுமொழியும் ஆறுதலில் தொடங்கவில்லை. நகரம் எரியும் என்பதை முதலில் உறுதிசெய்துவிட்டே மீட்பைப் பேசுகிறது.

இதே நூலில் உறுதியோடு பேசியவன் இன்னொரு தீர்க்கதரிசியான அனனியா. பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டதெல்லாம் இரண்டே ஆண்டில் திரும்பிவரும் என்றான் (28ஆம் அதிகாரம்). மன உறுதிதான் அளவுகோல் என்றால் விசுவாச வீரன் அவனே. நூலோ அவனைப் பொய்யன் என்கிறது.

இந்த அதிகாரம் சிறையிருப்பிலிருந்து மீண்டவர்களின் நில உரிமையை நிலைநாட்டப் பிற்காலத்தில் விரிக்கப்பட்டது என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. அப்படியே இருக்கட்டும். உரிமையை நிலைநாட்டுவதற்குப் பத்திரமும் சாட்சிகளும் போதும். வாங்கியவரின் திகைப்பு தேவையில்லை. தொகுத்தவர்கள் அதை நீக்காமல் விட்டிருக்கிறார்கள். மேலும், 32:15இன் வாக்கு எரேமியாவுக்கென்று தனியாக எதையும் தரவில்லை. வீடுகளும் நிலங்களும் திராட்சத்தோட்டங்களும் இந்தத் தேசத்தில் மீண்டும் விலைக்கு வாங்கப்படும் என்று பொதுவாகவே சொல்கிறது. அவரோ பின்னர் எகிப்துக்குக் கொண்டுபோகப்பட்டார் (43ஆம் அதிகாரம்). அந்த நிலத்தை அவர் அனுபவித்ததாக நூலில் எங்கும் குறிப்பில்லை.