கோப்பையை ஜெயிச்சாங்க, காணாமப் போனாங்க: சென்னை சிட்டி எஃப்.சி-யின் ஐந்து வருஷக் கதை

ஒரு சின்ன குவிஸ். இந்தியாவின் தேசிய கால்பந்து லீக் பட்டத்தை ஜெயிச்ச முதல் தமிழ்நாட்டு கிளப் எது?

'சென்னையின் எஃப்.சி' என்று சொல்லியிருந்தால் உங்களைக் குறை சொல்ல முடியாது. நீல ஜெர்சி, தோனி, அபிஷேக் பச்சன் என்று எல்லாருக்கும் தெரிந்த டீம் அதுதான். அவங்க 2015-லும் 2017-18 சீசனிலும் ஐ.எஸ்.எல் கோப்பையை ஜெயிச்சாங்க. ஆனா அந்த வருஷங்களில் நாட்டின் லீக் சாம்பியன் யார் என்று தீர்மானித்தது ஐ-லீக். அந்தப் பட்டத்தைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தது வேறொரு சென்னை: சென்னை சிட்டி எஃப்.சி. ஆரஞ்சு ஜெர்சி, கோயம்புத்தூர் மைதானம், 2019 மார்ச். இன்னைக்கு அந்த கிளப் எந்த தேசிய லீக்கிலும் இல்லை.

டீம் தோத்தா காணாமப் போறது புரியுது. ஜெயிச்ச டீம் எப்படிக் காணாமப் போகும்?

நேதாஜி கிளப்பில் தொடங்கி

1946-ல் நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப் என்ற பெயரில் ஆரம்பமான டீம் இது என்கிறது கிளப்பின் வரலாறு. பல வருஷம் சென்னை லோக்கல் லீக்தான் அதன் உலகம். திருப்பம் வந்தது 2016 டிசம்பரில். ஐ-லீக்கில் நேரடியாகச் சேர அகில இந்திய கால்பந்து சம்மேளனம் இரண்டு கிளப்புகளுக்கு அனுமதி கொடுத்தது. ஒன்று சென்னை சிட்டி, இன்னொன்று பஞ்சாபைச் சேர்ந்த மினர்வா. இந்த மினர்வா பெயரை மனசில் வெச்சுக்கோங்க, கதையில் இரண்டு தடவை திரும்பி வரும்.

முதல் சீசனை சென்னை நேரு ஸ்டேடியத்தில் ஆடினார்கள். அடுத்த சீசனிலிருந்து சொந்த மைதானம் கோவை நேரு ஸ்டேடியம். பேர் சென்னை, வீடு கோயம்புத்தூர்! சென்னை ரசிகர்களுக்குத் தூரம், கோவை ரசிகர்களுக்குப் பேரில் ஒட்டு இல்லை. இந்தச் சின்னச் சிக்கலை அப்போது யாரும் பெருசா எடுத்துக்கவில்லை. இரண்டு சீசனிலும் பத்து அணிகளில் எட்டாவது இடம். ஏதோ ஒரு டீம் என்று கடந்துபோகிற ரகம்தான்.

ஆனா இரண்டாவது சீசனில் ஒரு கன்னியாகுமரிப் பையன் எல்லாரையும் திரும்பிப் பார்க்க வைத்தார்.

இரவிபுத்தன்துறையிலிருந்து

நம்ம மாவட்டத்துக் கடற்கரை வரைபடத்தை ஒரு நிமிஷம் போனில் திறங்க. கிழக்கு ஓரத்தில் வட்டக்கோட்டை. அங்கிருந்து கடலை இடது கையில் வைத்துக்கொண்டு மேற்கே போய்க்கொண்டே இருந்தால், குளச்சல் தாண்டி, தேங்காப்பட்டணம் தாண்டி, கேரள எல்லையைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டி வரும். தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, நீரோடி. ஆழ்கடலுக்குப் போய் வாரக்கணக்கில் சுறாவும் சூரையும் பிடித்து வருகிறவர்கள் இந்த ஊர்க்காரர்கள். வட்டக்கோட்டைப் பக்கம் சாயங்காலம் பசங்க கையில் பேட் இருக்கும். அங்கே காலில் பந்து இருக்கும். ஒரே மாவட்டம், ஒரே கடல், ஆட்டம் மட்டும் வேற.

மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறைக்காரர், 1994-ல் பிறந்தவர். அவருடைய சகோதரர் மைக்கேல் ரெஜினும் தொழில்முறைக் கால்பந்து வீரர்தான். சென்னை சிட்டிக்காக சூசைராஜ் ஆடிய 2017-18 சீசன் நவம்பர் கடைசியில் தொடங்கியது. தொடங்கிய அதே வாரம், நவம்பர் 30-ம் தேதி, ஒக்கி புயல் வந்தது. அதற்கப்புறம் நடந்ததை நம்ம மாவட்டத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. கடலுக்குப் போனவர்களுக்காகத் தூத்தூர் வட்டார ஊர்கள் வாரக்கணக்கில் கரையில் காத்திருந்தன. பலர் திரும்பவே இல்லை. அந்த ஊர்கள் துக்கத்தில் இருந்த அதே மாதங்களில்தான் அந்த ஊர்ப் பையன் ஐ-லீக் மைதானங்களில் ஆடிக்கொண்டிருந்தார். சீசன் முடிவில் லீக்கின் சிறந்த நடுக்கள ஆட்டக்காரர் விருது அவருக்குக் கிடைத்தது. எட்டாவது இடத்தில் முடித்த டீமிலிருந்து ஒருவர் அந்த விருதை வாங்குவது லேசான காரியம் இல்லை.

விருது வாங்கியதும் ஐ.எஸ்.எல் கதவு திறந்தது. ஜாம்ஷெட்பூர் எஃப்.சி கூப்பிட, 2018-ல் கிளம்பிப் போனார். அதாவது, சென்னை சிட்டி சாம்பியன் ஆன வருஷம் சூசைராஜ் அந்த டீமில் இல்லை. சின்ன கிளப்போட தலையெழுத்து அது. தன்னிடம் ஆடிப் பெயர் வாங்கியவரைத் தக்க வைக்க அதால் முடியாது.

ஸ்பெயின் கூட்டணி

2018-19 சீசனுக்கு சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் பயிற்சியாளர். ஸ்பெயினிலிருந்து நான்கு பேர் வந்தார்கள்: பெட்ரோ மான்ஸி, நெஸ்டர் கோர்டியோ, சாண்ட்ரோ ரோட்ரிகஸ், ராபர்ட்டோ எஸ்லாவா. மான்ஸி பிறந்தது உருகுவேயில், ஆடிப் பழகியது ஸ்பெயினின் கீழ்நிலை லீக்குகளில். ஐரோப்பாவில் யாருக்கும் தெரியாத ஆட்கள் என்று முதலில் கொஞ்சம் நக்கல் இருந்தது. அக்டோபர் 26-ம் தேதி முதல் மேட்ச். இந்தியன் ஆரோஸ் அணிக்கு எதிராக மான்ஸி ஹாட்ரிக், 4-1 வெற்றி. நக்கல் அன்றைக்கே நின்றது.

வெளியூர் ஆளை வெச்சு ஜெயிக்கிறது பெருமையா என்று கேட்கிறவர்கள் உண்டு. வட்டக்கோட்டைக்காரங்க அதைக் கேட்கக் கூடாது. 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுக்காரர் டிலனாய், பின்னால் திருவிதாங்கூர் படைக்கே தளபதி ஆகி, நம்ம கோட்டையைப் பலப்படுத்தினார் என்றுதான் வரலாறு சொல்கிறது. அவர் கட்டின மதில் மேல் நின்றுதான் நாம் இன்னைக்கும் செல்ஃபி எடுக்கிறோம்.

தமிழ்நாட்டுப் பசங்களும் அந்த டீமில் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்ஸாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் இருவரும் முக்கியமான ஆட்கள். பிற்பாடு எட்வின் சென்னையினுக்கும், ரொமாரியோ எஃப்.சி கோவாவுக்கும் போனார்கள். சீசன் நடந்துகொண்டிருந்தபோதே சுவிட்சர்லாந்தின் எஃப்.சி பாசல் கிளப் சென்னை சிட்டியின் 26 சதவிகிதப் பங்கை வாங்கியது. ரோஜர் ஃபெடரருக்குப் பிடித்த கிளப், ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்கில் ஆடிய கிளப், நம்ம ஊர் டீமில் பங்குதாரர். கனவு மாதிரிதான் இருந்தது.

மார்ச் 9, 2019

கடைசிக்கு முந்தைய மேட்ச்சில் சர்ச்சில் பிரதர்ஸிடம் தோற்றதால் பட்டம் கடைசி நாளுக்குத் தள்ளிப்போனது. சென்னை சிட்டி 40 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 39. ஒரே நேரத்தில் இரண்டு மேட்ச். கோழிக்கோட்டில் கோகுலத்துடன் ஈஸ்ட் பெங்கால், கோவையில் மினர்வாவுடன் சென்னை சிட்டி. ஆமாம், லீக்குக்குள் ஒண்ணா நுழைந்த அதே மினர்வா. முந்தைய வருஷ சாம்பியனும் அவங்கதான்.

ஆட்டம் தொடங்கிய சில நிமிஷத்திலேயே மினர்வா கோல் போட்டது. இடைவேளையிலும் 0-1. அரங்கத்தில் இருந்தவர்களுக்கு அந்தப் பதினைந்து நிமிஷம் எப்படிப் போயிருக்கும் என்று யோசிச்சுப் பாருங்க. இரண்டாவது பாதியில் பெனால்ட்டி கிடைத்தது. மான்ஸி அடித்தார், 1-1. அப்புறம் கௌரவ் போரா ஒன்று, கடைசி நேரத்தில் அவரே இன்னொன்று. 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் 2-1 என்று ஜெயித்திருந்தது. கணக்கு 43-க்கு 42. சாம்பியன் சென்னை சிட்டி! மான்ஸி அந்த சீசனில் போட்ட கோல்கள் மொத்தம் 21.

அடுத்து சூப்பர் கப்பில் ஐ.எஸ்.எல் சாம்பியனாக வந்த பெங்களூரு எஃப்.சி-யையும் காலிறுதியில் 2-1 என்று வீழ்த்தினார்கள். பணத்தில் பல மடங்கு பெரிய டீம் அது.

ஏணி இல்லாத வீடு

இங்கேதான் கதை வலிக்க ஆரம்பிக்கிறது. இங்கிலாந்திலோ ஸ்பெயினிலோ கீழ் லீக்கில் ஜெயித்தால் மேல் லீக்குக்குப் போகலாம். இந்தியாவில் 2014-ல் ஐ.எஸ்.எல் தொடங்கியபோது அது மூடிய வீடாகத்தான் கட்டப்பட்டது. பணம் கட்டினால் உள்ளே, ஜெயித்தால் மட்டும் போதாது. 2019 அக்டோபரில் ஆசியக் கால்பந்து சம்மேளனம் ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. அதன்படி நாட்டின் முதல்நிலை லீக் இனி ஐ.எஸ்.எல். சென்னை சிட்டி கோப்பையைத் தூக்கி ஏழே மாதத்தில், அவர்கள் ஜெயித்த லீக்கே இரண்டாம் படிக்கு இறக்கப்பட்டது. ஐ-லீக் சாம்பியனுக்கு மேலே போகும் வாய்ப்பு 2022-23 சீசனிலிருந்துதான் என்றார்கள்.

மூடிய லீக் என்பது நம்ம ஊர்க் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்க ஐஸ் ஹாக்கியிலும் அப்படித்தான். பென்சில்வேனியாவில் சாக்லேட்டுக்குப் பேர் போன ஹெர்ஷி என்ற சிற்றூரின் 'பேர்ஸ்' அணி 1938-லிருந்து இரண்டாம்நிலை லீக்கான ஏ.எச்.எல்-லில் ஆடுகிறது. அந்த லீக் கோப்பையை 13 தடவை ஜெயித்திருக்கிறது. ஆனா ஒரு நாளும் என்.எச்.எல்-லுக்கு ஏற முடியாது. இருந்தும் எண்பது வருஷத்துக்கு மேல் நிற்கிறதே, எப்படி? மேலே வாஷிங்டன் கேபிடல்ஸ் என்ற தாய் அணி இருக்கிறது. அது தன் இளம் வீரர்களை அனுப்பி, அவர்கள் சம்பளத்தையும் பார்த்துக்கொள்கிறது. கீழே, தாத்தா காலத்திலிருந்து டிக்கெட் வாங்கும் ஊர் இருக்கிறது. சென்னை சிட்டிக்கு அமெரிக்காவின் பூட்டு மட்டும் கிடைத்தது. ஏணியும் இல்லை, தாய் அணியும் இல்லை. டிக்கெட் வாங்கும் ஊர் எது என்பதிலேயே குழப்பம்.

2020 ஜனவரியில் மான்ஸி ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகாட்டாவுக்குப் போய்விட்டார். அதே மாதம் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் ரிஃபாவிடம் 0-1 தோல்வி. மார்ச்சில் ஏ.எஃப்.சி கப்பில் மாலத்தீவின் மாஸியாவுடன் 2-2 டிரா. அடுத்த மேட்ச்சுக்குள் கொரோனா வந்து போட்டியே ரத்தாயிற்று. அடுத்த ஐ-லீக் சீசன் மேற்கு வங்கத்தில் பயோ பபிளுக்குள் நடந்தது, கோவையில் ஒரு மேட்ச் கூட இல்லை. 2021-22 சீசன் பட்டியலில் சென்னை சிட்டி பெயரே இல்லை. கிளப் உரிம நிபந்தனைகளை நிறைவேற்றவில்லை என்பது காரணம். வந்து ஐந்தே சீசன்.

மற்றவர்கள் என்ன ஆனார்கள்? ஒரு புள்ளியில் பட்டத்தை விட்ட ஈஸ்ட் பெங்கால், புது முதலீட்டாளரோடு 2020-லேயே ஐ.எஸ்.எல்-லுக்குள் போய்விட்டது. மினர்வா கை மாறி, ரவுண்ட்கிளாஸ் பஞ்சாப் ஆகி, 2022-23 ஐ-லீக்கை ஜெயித்தது. விளையாடி ஜெயித்து ஐ.எஸ்.எல்-லுக்கு ஏறிய முதல் கிளப் அதுதான், இப்போது பஞ்சாப் எஃப்.சி. ஏணி வைக்கப்பட்ட நேரத்தில் ஏறுவதற்கு சென்னை சிட்டி உயிரோடு இல்லை. மூன்று வருஷம் தாக்குப்பிடித்திருந்தால் என்ற கேள்வி எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஆனா மூன்று வருஷச் சம்பளம் யார் கொடுப்பது என்ற கேள்விக்கும் பதில் வேண்டுமே.

சூசைராஜ் 2019-ல் ஏ.டி.கே-வுக்கு மாறி, 2019-20 ஐ.எஸ்.எல் கோப்பையை ஜெயித்தார். இறுதியாட்டத்தில் அவர்கள் தோற்கடித்தது சென்னையினை! இந்திய சீனியர் அணிக்கும் ஆடினார். அடுத்த சீசனின் முதல் மேட்ச், 2020 நவம்பர் 20, கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிராக. ஆட்டம் தொடங்கிக் கால் மணி நேரத்துக்குள் முழங்காலில் காயம். அந்த சீசன் அத்தோடு முடிந்தது. பிறகு ஒடிசாவுக்கு மாறினார்.

நேரம் இருந்தால் அந்த மார்ச் 9 மேட்ச்சின் ஹைலைட்ஸைத் தேடிப் பாருங்க. முதல் பாதியைத் தள்ளிவிட்டு, மான்ஸி பெனால்ட்டிக்குப் பந்தை வைக்கிற இடத்திலிருந்து ஆரம்பிச்சாப் போதும்.