மறந்தவன் கணக்கு

குற்றம் செய்தவன் தன் குற்றத்தையே மறந்துவிட்டால் அந்தக் குற்றம் யாருடையது? கிழட்டுத் தாதாக்களின் மூளைத் தேய்வைப் பொருளாக எடுத்துக்கொள்ளும் தொலைக்காட்சித் தொடர்கள் இந்தக் கேள்வியை எழுப்பிவிட்டுப் பதில் சொல்லாமல் தப்பித்துக்கொள்கின்றன. இது என் புகார். மோசமானவற்றை வைத்து வாதாடுவது சுலபம் என்பதால் ஆகச் சிறந்த ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன்.

டேவிட் சேஸ் உருவாக்கி, 1999 ஜனவரியிலிருந்து 2007 ஜூன் வரை 86 பகுதிகளாக எச்.பி.ஓ.வில் வந்த 'தி சோப்ரனோஸ்' நியூ ஜெர்ஸி மாஃபியாக் குடும்பமொன்றின் கதை. தலைவன் டோனியின் பெரியப்பா ஜூனியர். இவர் முதலில் வழக்கிலிருந்து தப்புவதற்காக மறதியை நடிக்கிறார். சில வருஷங்களில் மறதி உண்மையாகவே வந்து சேர்கிறது. 2006இல் ஒளிபரப்பான ஆறாம் பருவத்தின் முதல் பகுதியில், என்றோ செத்துப்போன ஒரு எதிரி வீட்டுக்குள் நுழைந்துவிட்டான் என்று நினைத்து டோனியைச் சுட்டுவிடுகிறார். கடைசிப் பகுதியில் டோனி அவரை மனநல விடுதியில் பார்க்கப் போகிறான். நீங்களும் என் அப்பாவும்தான் இந்த ஊரை ஆண்டீர்கள் என்று நினைவுபடுத்துகிறான். கிழவர் அதை முன்பின் தெரியாத இருவரைப் பற்றிய நல்ல சேதியைப்போலக் கேட்டுக்கொள்கிறார். டொமினிக் சியானிஸின் நடிப்பில் அந்த முகம் வெறும் வெளி.

இது முழுக் கற்பனையல்ல. நியூயார்க்கின் ஜெனோவீஸ் கும்பலுக்கு 1980களில் தலைவனான வின்சென்ட் ஜிகாண்டே, பைஜாமாவும் குளியலங்கியும் அணிந்து கிரீனிச் வில்லேஜ் தெருக்களில் முணுமுணுத்துக்கொண்டு திரிந்தவன். 1960களின் இறுதியில் தொடங்கிய பைத்தியப் பாவனை அது. மனநல மருத்துவர்கள் பலர் அவனுக்குச் சான்று தந்தார்கள். 1997இல் தண்டனை கிடைத்தது. 2003இல் அத்தனையும் நடிப்பு என்று நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டான். 2005 டிசம்பரில் சிறையிலேயே இறந்தான். நடிப்பு எங்கே முடிந்து வியாதி எங்கே தொடங்குகிறது என்ற சந்தேகத்தை ஜிகாண்டே சட்டத்துக்கு விட்டுச்சென்றான். சேஸ் அதைக் கலையாக்கினார்.

தாதாவின் மறதிக்கு இவ்வளவு கனம் ஏன்? அவன் தொழிலில் எதுவும் எழுதப்படுவதில்லை. யார் எவ்வளவு தரவேண்டும், யார் காட்டிக்கொடுத்தான், யாரை எங்கே புதைத்தது என்பதெல்லாம் தலைக்குள்தான். நினைவே அவனுடைய அதிகாரம், அவனுடைய அலுவலகம். அது சரியும்போது ஒரு கிழவன் மட்டும் சரிவதில்லை, ஒரு ராஜ்யமே சரிகிறது. பேச்சிப்பாறை அணை கட்டி முடிந்த 1906ஆம் வருஷத்தில்தான் அலாய்ஸ் அல்ஸைமர் டூபிங்கனில் தன் நோயாளியின் மூளையைப் பற்றி முதன்முதலாகப் பேசினார். அவர் பெயரைப் பெற்ற அந்த வியாதி பெரும்பாலும் அண்மை நினைவுகளை முதலில் தின்கிறது. பழையவை கடைசிவரை தாக்குப்பிடிக்கின்றன. ஆகவே ஜூனியரின் கண்ணுக்கு மகன் முறையானவன் தெரிவதில்லை, செத்த எதிரி தெரிகிறான். இதைச் சேஸ் துல்லியமாகப் பிடித்திருக்கிறார்.

ஆனால் நம் பரிவு எங்கே திருப்பப்படுகிறது என்று கவனியுங்கள். ஜூனியர் எதை இழந்தார் என்று துக்கப்படுகிறோம். அவரால் இழந்தவர்கள் யாரும் அந்த அறைக்குள் வருவதில்லை. கொன்றவனின் மறதியோடு கொல்லப்பட்டவர்களும் திரையிலிருந்து மறைகிறார்கள். வங்கியில் குமாஸ்தாவாக இருப்பவனுக்கு இது விசித்திரமாகப்படுகிறது. கடன் வாங்கியவர் மறந்துபோனார் என்பதற்காக எந்தக் கணக்கும் நேராவதில்லை. பேரேடு அவரிடம் இல்லை, வேறிடத்தில் இருக்கிறது. புரோநோட்டுக் கடனுக்காவது மூன்று வருஷக் காலவரம்பு உண்டு. கொலைக்கு அதுவும் கிடையாது.

சட்டம் என்ன சொல்கிறது? 1860ஆம் வருஷத்து இந்திய தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவு, செயலின்போது புத்தி எப்படி இருந்தது என்று கேட்கிறது. நடைமுறைச் சட்டம், விசாரணையின்போது தனக்காக வாதாடும் நிலையில் இருக்கிறானா என்று கேட்கிறது. தெளிந்த புத்தியோடு கொன்று, தண்டனையும் பெற்று, அதன் பிறகு மறந்தவனை என்ன செய்வது? 2019இல் 'மேடிசன் எதிர் அலபாமா' வழக்கில் அமெரிக்க உச்சநீதிமன்றம் இதைச் சந்தித்தது. 1985இல் ஒரு போலீஸ்காரரைக் கொன்ற மரண தண்டனைக் கைதி, பக்கவாதங்களால் மூளை தேய்ந்து, கொன்றதே நினைவில்லை என்றான். நினைவில்லை என்பது மட்டும் போதாது, தான் ஏன் தண்டிக்கப்படுகிறோம் என்பதைப் புரிந்துகொள்ள முடிகிறதா என்பதே கேள்வி என்றது நீதிமன்றம். நினைவு எட்டும் தூரமே மனிதன் என்று 1694இல் எழுதிய ஜான் லாக்கை மூன்று நூற்றாண்டுகளுக்குப் பிறகு ஒரு நீதிமன்றம் இப்படிப் பாதி மறுத்தது. தொடர்களைவிட இது நேர்மையான பதில்.

நம் பக்கம் வருவோம். மணிரத்னத்தின் 'நாயகன்' (1987) முடிவில் வேலு நாயக்கரை நீதிமன்றம் விடுவிக்கிறது. சாட்சி சொல்ல ஆளில்லை. அதாவது ஊரின் நினைவு அவருக்காக மறைத்துவைக்கப்படுகிறது. வெளியே அவரைச் சுடுகிறவன், அவர் கொன்ற போலீஸ்காரரின் புத்தி வளராத மகன். சட்டத்துக்குக் கிடைக்காத நினைவு, நினைவே இல்லாதவன் என்று கருதப்பட்டவனிடம் இருந்துவிடுகிறது. படத்தின் மிகையுணர்ச்சிகளை எல்லாம் மீறி நிற்கும் இடம் இது. 2025 ஜூலையில் வந்த 'மாரீசன்' நாகர்கோவிலில் தொடங்குகிறது. ஒரு திருடன் (பகத் பாசில்), அல்ஸைமர் கண்ட கிழவரை (வடிவேலு) மோட்டார் சைக்கிளில் திருவண்ணாமலைக்குக் கூட்டிப்போகிறான். கிழவரின் மறதி பாவனை, அவர் பழிவாங்கிக்கொண்டிருக்கிறார் என்று பிறகு தெரிகிறது. உண்மையான வியாதி அவர் மனைவிக்கு. கொல்கிறவனுக்குப் பொய் மறதி, நிரபராதிக்கு நிஜ மறதி என்று பிரித்ததும் கேள்வியின் முள் ஒடிந்துவிடுகிறது. வடிவேலுவின் முகம் தாங்கத் தயாராக இருந்ததைத் திரைக்கதை தாங்கத் துணியவில்லை.

இத்தனைக்கும் இந்தக் கேள்வி நமக்குப் புதிதல்ல. ஞானசம்பந்தரின் தேவாரத்திலேயே சுட்டப்படுகிற நீலி கதை, பழையனூரில் ஒரு விதமாகவும் நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டில் வேறு விதமாகவும் சொல்லப்படுகிறது. சாரம் ஒன்றுதான். கொல்லப்பட்டவள் பேயாகிறாள். கொன்றவன் மறுபிறவியில் வணிகனாகப் பிறக்கிறான். மறதியில் இதைவிட முழுமையானது ஏது? தனக்கு ஆபத்து உண்டு என்ற பயம் மட்டும் இருக்கிறது. ஏன் என்று தெரியாது. அவள் கள்ளிக் கொப்பைக் குழந்தையாக்கி இடுக்கிக்கொண்டு, இவன் என் புருஷன் என்று ஊர்ச்சபையில் நிற்கிறாள். அவன் உயிருக்குப் பிணை நின்ற எழுபது வேளாளரும், அவன் இரவில் கொல்லப்பட்டதும், பழையனூர்க் கதையில் தீயில் இறங்குகிறார்கள். அவனுக்கு நினைவிருக்கிறதா என்று கதையில் ஒருவரும் கேட்பதில்லை. நினைவு அவளிடம் இருக்கிறது, அது போதும்.

பேரேடு யாரிடம் இருக்கவேண்டுமோ அவரிடம் அதைத் திருப்பிக் கொடுத்த கதை இது. ஆனால் இதன் நீதி பயங்கரமானது. எதுவும் அறியாத ஒருவன் சாகிறான், வாக்குக் கொடுத்த குற்றத்துக்காக எழுபது பேர் சாகிறார்கள். நீலியை வைத்து சேஸை அடித்துவிட்டேன் என்று நான் திருப்தி கொள்ள முடியாது. கொன்றவனின் மறதியில் உருகுவது ஒரு கோடி என்றால், அதைப் பொருட்படுத்தவே மறுப்பது மறு கோடி.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழியை எங்கள் பக்கத்து ஜனங்கள் சத்தமில்லாமல் கண்டிருக்கிறார்கள். முப்பந்தல் இசக்கியை நீலியாகவே கும்பிடுகிறார்கள். தென் திருவிதாங்கூரிலும் நெல்லையிலும் கொலையுண்டவர்கள் தெய்வமாகி, பீடம் கேட்டு, கொடை கேட்கிறார்கள். பல கதைகளில் கொடை கொடுப்பது கொன்றவனின் வம்சம். அவர்கள் கொல்லவில்லை. அவர்களுக்கு நினைவும் இல்லை, இருக்கவும் முடியாது. ஆனாலும் வருஷந்தோறும் வில்லடித்து அந்தக் கொலை முழுக்கச் சொல்லப்படும்போது உட்கார்ந்து கேட்கிறார்கள். பயம்தான் காரணம் என்று பகுத்தறிவு சொல்லும். இருக்கலாம். பயத்திலிருந்து பிறந்தாலும் அது ஒரு ஏற்பாடு. உயிருக்கு உயிர் கேட்பதில்லை, கணக்கை மூடுவதும் இல்லை.

மறந்துபோன கிழட்டு ரௌடியைப் பற்றி ஒரு தமிழ்த் தொடர் நிச்சயம் வரும். அவன் நாற்காலிக்கு எதிரில் யாரை உட்காரவைக்கப் போகிறார்கள் என்பதுதான் அதன் தரத்தைத் தீர்மானிக்கும். ராஜ்யம் இழந்த வாரிசை உட்காரவைத்தால் இன்னொரு சோப்ரனோஸ், அவ்வளவுதான். அவனால் விதவையான ஒருத்தி எதிரில் உட்கார்ந்து, நடந்ததை முதலிலிருந்து ஒரு வரி விடாமல் சொல்லி, அவனுக்கு எதுவும் விளங்காமல் போய், அவள் மறு வருஷமும் வந்து சொல்வாளானால், அந்தத் தொடரை நான் முழுக்கப் பார்ப்பேன்.