சமபந்தியும் சம்பந்தமும்

மிஷனரிக் குடும்பங்கள் தாயகத்துக்கு எழுதிய கடிதங்களில் வெயில், காய்ச்சல், குழந்தைச் சாவு, பள்ளிக்கூடம் எல்லாம் வருகின்றன. ஆயாவும் சமையல்காரரும் மட்டும் பெரும்பாலும் பெயரில்லாமல் வந்துபோகிறார்கள். அந்தப் பெயரற்றவர்களில் பலர் நம்மவர்கள்.

வீட்டு வேலைக்கு வந்தவர்களின் இனத்திலிருந்து ஒருத்தி அந்த வீட்டுக்கு மனைவியாக வந்தால்? தென் திருவிதாங்கூரில் வந்தாள்.

லண்டன் மிஷனரி சங்கத்தின் சார்லஸ் மீட் 1818இல் நாகர்கோவிலுக்கு வந்தவர். மனைவி ஜோஹன்னா பெண் கல்விக்கு உழைத்தவர். ஜோஹன்னா மறைந்தபின், 1850களின் தொடக்கத்தில், பறையர் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த லோயிஸை மீட் மணந்தார். சக மிஷனரிகளால் பொறுக்க முடியவில்லை. 30 ஆண்டுகளுக்கும் மேல் உழைத்தவர் சங்கத்தைவிட்டு விலக நேர்ந்தது; திருவிதாங்கூர் அரசின் கல்விப் பணிக்குப் போனார்.

இதே திருவிதாங்கூரில்தான் அடிமைமுறையை ஒழிக்கச் சொல்லி மிஷனரிகள் 1847இல் அரசருக்கு மனு கொடுத்திருந்தார்கள். 1855இல் ஒழிப்புப் பிரகடனமும் வந்தது. அந்தப் போராட்டம் பொய்யல்ல. ஆனால் அதற்கு ஓர் எல்லை இருந்தது: திருவிருந்தில் சமபந்தி சரி, வீட்டில் சம்பந்தம் கூடாது.

எழுத்தறிவித்ததற்கு நன்றி சொல்வோம். அந்த எழுத்தைக் கொண்டே அவர்களுடைய கடிதங்களையும் கேள்வி கேட்போம்: யாருக்குப் பெயர் இருக்கிறது, யாருக்கு இல்லை?