வில்லேந்திய பதினாறு பேர்

1948ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 29ஆம் நாள், இலண்டன் வெம்பிளி அரங்கில் 14ஆம் ஒலிம்பிக் போட்டியை ஆறாம் ஜார்ஜ் மன்னர் தொடங்கி வைத்தார். போரினால் பன்னிரண்டு ஆண்டுகள் தடைப்பட்டிருந்த விழா அது. 59 நாடுகள் வந்திருந்தன. அதே நாளில், எய்ல்ஸ்பரி நகரை அடுத்த ஸ்டோக் மேண்டவில் மருத்துவமனையின் புல்வெளியில் வேறொரு போட்டி நடைபெற்றது. சக்கர நாற்காலியில் அமர்ந்த பதினாறு பேர் இலக்கு நோக்கி அம்பெய்தனர். பதினான்கு ஆடவர், இரு பெண்டிர். போரில் முதுகெலும்பு முறிந்தோர். ஸ்டோக் மேண்டவில் அணியை எதிர்த்து ரிச்மண்டிலிருந்து வந்த 'ஸ்டார் அண்ட் கார்ட்டர்' இல்லத்தார் வென்றனர். நோயாளிகளுக்கென அமைக்கப்பட்ட பேருந்து ஒன்றைக் கையளிக்கும் நிகழ்ச்சியை ஒட்டியே இப்போட்டி நடந்தது.

உடற்குறை உடையோரின் முதற்போட்டி இதுவே என்று கூறிவிடுவது பொருந்தாது. செவிப்புலன் இழந்தோர் 1924ஆம் ஆண்டிலேயே பாரிசில் கூடி அனைத்துலகப் போட்டி நடத்தினர். அதனை முன்னின்று நடத்திய யூஜின் ரூபன்ஸ் அல்கே தாமும் செவிப்புலன் இழந்தவரே. அவர்களுக்கெனப் பள்ளிகளும் மன்றங்களும் சைகை மொழியும் இருந்தமையால், எவர் கையையும் எதிர்பாராமல் தாமே திரண்டனர். தண்டுவடம் அறுபட்டோர் நிலை அத்தகையது அன்று. ஒன்றுகூடுவதற்கு முதலில் உயிரோடிருக்க வேண்டும் அல்லவா?

முதல் உலகப் போரில் தண்டுவடம் சிதைந்தோருள் நூற்றுக்கு எண்பதின்மர் மடிந்தனர் என்பது மருத்துவ வரலாறு. அவர்களைக் கொன்றது முறிவு மட்டுமன்று. உணர்வற்ற உடல் அசையாது கிடந்தமையால் தோன்றிய படுக்கைப் புண்ணும், சிறுநீர்ப் பாதையில் பற்றிய நச்சுக் கிருமியுமே பலரின் உயிரைக் குடித்தன. இவை தடுக்கக் கூடியவை. ஆயினும் எப்படியும் இறக்கப் போகிறவர் என்ற எண்ணம் மருத்துவர் நெஞ்சிலேயே வேரூன்றியிருந்தது.

அவ்வெண்ணத்தை இளமையிலேயே நேரிற் கண்டவர் லுட்விக் குட்மான். 1899இல், அந்நாளில் ஜெர்மனியைச் சேர்ந்திருந்த மேல் சைலீசியாவில் யூதக் குடும்பத்திற் பிறந்தவர். 1917இல் ஒரு மருத்துவமனையில் தொண்டராகப் பணியாற்றுகையில், முதுகு முறிந்த சுரங்கத் தொழிலாளி ஒருவர் கொண்டு வரப்பட்டார். நோய்க்குறிப்பு எழுத முற்பட்ட குட்மானிடம், சில வாரங்களில் இறந்துவிடுவார், எழுத வேண்டா என்று மேலிருந்தோர் கூறினர். அவ்வாறே அவர் இறந்தார். வலிய அவ்வுடலின் நினைவு குட்மானை வாழ்நாள் முழுதும் விடவில்லை.

நரம்பியல் வல்லுநராக உயர்ந்த குட்மானை நாசி ஆட்சி யூத மருத்துவமனைக்குள் ஒதுக்கியது. 1938 நவம்பர் 9ஆம் நாள் இரவு யூதர்மீது வன்முறை அவிழ்த்து விடப்பட்டபோது, ஓடி வந்தோர் அறுபதுக்கும் மேற்பட்டோரை நோயாளிகளென அவர் சேர்த்துக் கொண்டார். மறுநாள் வந்த அதிகாரிகளிடம் படுக்கை படுக்கையாகச் சென்று இல்லாத நோய்களை விளக்கினார். பெரும்பாலோர் தப்பினர். 1939இல் அவரும் குடும்பத்தோடு இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்தார். ஐந்தாண்டுகளுக்குப் பின், ஏதிலியாக வந்த அம்மருத்துவரிடமே பிரிட்டிஷ் அரசு தண்டுவடப் பிரிவு ஒன்றை அமைக்கும் பொறுப்பை ஒப்படைத்தது. 1944 பிப்ரவரி முதல் நாள் ஸ்டோக் மேண்டவிலில் அது திறக்கப்பட்டது.

அங்கு அவர் செய்தவை மிக எளியவை. இரண்டு மணிக்கு ஒருமுறை, இரவும் பகலும், ஒவ்வொரு நோயாளியையும் புரட்டிக் கிடத்தச் செய்தார். புண்கள் ஆறின. உயிர் தங்கியது, தங்கிய உயிரை வைத்து என்ன செய்வது என்ற வினா அதன்பின் எழுந்தது. தச்சு, தட்டச்சு, கடிகாரம் பழுதுபார்த்தல் முதலிய தொழில்கள் கற்பிக்கப்பட்டன. ஆயினும் விளையாட்டுக்கு வித்திட்டோர் நோயாளிகளே. கைத்தடியைத் தலைகீழாகப் பிடித்து, நாற்காலியை உருட்டியவாறே தரையிற் கிடந்த வட்டு ஒன்றை அவர்கள் அடித்து விளையாடுவதைக் குட்மான் கண்டார். வேறொருவராயின் ஒழுங்கு கெடுகிறதென்று தடுத்திருப்பார். அவரோ அதனையே மருந்தாக்கினார். குட்மானின் பெருமை விளையாட்டைக் கண்டுபிடித்ததில் இல்லை. கண்டதை மதித்ததிலேயே இருக்கிறது. சக்கர நாற்காலிப் போலோ ஆட்டம் மிகக் கரடுமுரடாயிருந்தமையால் கைவிடப்பட்டு, வலைப்பந்து அதனிடத்தைப் பெற்றது.

வில்வித்தையைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. நாணை இழுக்கத் தோளும் முதுகும் வலுப்பெறும். கால் செயலற்றவர்க்கு அவ்வலிமையே நாற்காலியில் நிமிர்ந்திருக்கத் துணை. மேலும், இலக்கின்முன் அமர்ந்து எய்பவர் நின்று எய்பவருக்கு இளைத்தவர் அல்லர். சலுகையின்றிப் பிறரோடு சமமாக மோதக்கூடிய கலை அது.

போட்டி ஆண்டுதோறும் தொடர்ந்தது. ஒலிம்பிக்குக்கு நிகரான விழாவாக ஒருநாள் இது வளருமென்று 1949இல் குட்மான் சொன்னபோது அது பகற்கனவாகவே பலருக்குத் தோன்றியிருக்க வேண்டும். 1952இல் நெதர்லாந்தினர் வந்து சேர்ந்ததும் அது அனைத்துலகப் போட்டியாயிற்று. 1960இல், ஒலிம்பிக் முடிந்த சில நாட்களில், அதே உரோமில் ஏறத்தாழ 400 பேர் போட்டியிட்டனர். பிற்காலத்தார் இதனையே முதல் பாராலிம்பிக் என எண்ணுகின்றனர். அன்று அதன் பெயர் ஒன்பதாம் அனைத்துலக ஸ்டோக் மேண்டவில் விளையாட்டுகள் என்பதே. சொல்லாய்வில் விருப்பமுடையோர்க்கு ஒரு செய்தி: கீழுடல் வாதத்தைக் குறிக்கும் 'பாராப்ளீஜியா' என்ற சொல்லோடு ஒலிம்பிக்கை ஒட்டி எழுந்த பெயர் இது. பார்வையற்றோரும் உறுப்பிழந்தோரும் 1976இல் சேர்ந்தபின் அப்பொருள் பொருந்தாதாயிற்று. இன்று 'பாரா' என்பதற்குக் கிரேக்க மொழியில் 'அருகே' எனப் பொருள் கொண்டு, ஒலிம்பிக்கோடு இணையாக நிற்பது என விளக்கம் தருகின்றனர். நோயின் பெயர் உதிர்ந்து, நிற்கும் இடத்தின் பெயர் தங்கிவிட்டது.

உரோமில் வீரர்க்கு ஒதுக்கிய இல்லங்களோ தூண்களின்மேல் எழுப்பப்பட்டவை. நாற்காலியோடு அவர்களை இராணுவத்தினர் படிகளில் தூக்கிச் சென்றனர். வில்வித்தையில் பிரிட்டனுக்கு முதல் தங்கம் வென்ற மார்கரெட் மாகன், தாம் வென்றதை அறியாமலே திரும்பிச் செல்லப் பேருந்தில் ஏறி அமர்ந்திருந்தார். தேடிவந்து அழைத்துச் சென்றே பதக்கம் அணிவித்தனர். 2012இல் இலண்டன் பாராலிம்பிக் சுடரை ஏற்றியவர் அவரே.