சகுனப் பிழை

1952 நவம்பர் 4. ஐசனோவர் அமெரிக்க அதிபராகத் தேர்வான அதே நாளில், தென் கரோலினா வாக்காளர்களிடம் இன்னொரு கேள்வியும் வைக்கப்பட்டது. இலவசப் பொதுப்பள்ளிகளை நடத்துவது மாநிலத்தின் கடமை என்ற பிரிவை அரசியல் சட்டத்திலிருந்து நீக்கலாமா? மூன்றில் இரண்டு பங்குப் பேர் ‘நீக்கலாம்’ என்றார்கள்.

தம் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கே ஏன் வேட்டு வைத்தார்கள்?

விடை கிளாரண்டன் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே வெள்ளைப் பிள்ளைகளுக்கு 30 பள்ளிப் பேருந்துகள். கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒன்றுகூட இல்லை. மைல் கணக்கில் நடை. 1949-50இல் ஒரு வெள்ளைக் குழந்தைக்கு 179 டாலர் செலவிட்ட நிர்வாகம், கறுப்பினக் குழந்தைக்கு 43 டாலரோடு நிறுத்திக்கொண்டது. பெற்றோர் முதலில் கேட்டது பேருந்து. கிடைக்கவில்லை. பிறகு சம உரிமை கேட்டு மனு எழுதினார்கள். முதலில் கையெழுத்திட்ட ஹாரி பிரிக்ஸுக்கு பெட்ரோல் பங்க் வேலை போயிற்று. அவர் மனைவிக்கும் வேலை போயிற்று. மனு வழக்கானது.

ஆளுநர் ஜேம்ஸ் பெர்ன்ஸ் சாதாரண ஆளில்லை. உச்ச நீதிமன்ற நீதிபதியாகவே இருந்தவர். காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது அவருக்குத் தெரியும். 3 சதவீத விற்பனை வரி போட்டு, கறுப்பினத்தவருக்குப் புதுப் பள்ளிகள் கட்டினார். தனித்தனியாக இருந்தாலும் சமம்தான் என்று காட்டுவதற்காக. அது பலிக்காவிட்டால்? பள்ளி நடத்தும் கடமையே மாநிலத்துக்கு இல்லை என்றாக்கிவிடலாம். தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனப் பிழையாகட்டும் என்ற கதைதான்.

இதில் இன்னொரு வேதனை உண்டு. அந்த மாநிலத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் நிறபேதமின்றி இலவசப் பள்ளி என்று முதலில் எழுதியது 1868 அரசியல் சட்டம். அதை எழுதிய அவையில் கறுப்பினத்தவரே பெரும்பான்மை. பொதுப்பள்ளிக்காக அங்கே வாதாடிய ராபர்ட் ஸ்மால்ஸ் அடிமையாகப் பிறந்தவர். 1895இல் வந்த புதிய சட்டம் பள்ளியை வைத்துக்கொண்டு, ‘நிறபேதமின்றி’ என்பதைத் தூக்கி எறிந்தது. 1952 வாக்கெடுப்பு மிச்சமிருந்த பள்ளியையும் தூக்கி எறியத் துணிந்தது.

1954 மே 17இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது. அத்தீர்ப்பில் இணைந்த ஐந்து வழக்குகளில் கிளாரண்டன் வழக்கும் ஒன்று. ஆனாலும் தென் கரோலினா தன் பள்ளிகளை ஒட்டுமொத்தமாக மூடவில்லை. நீக்கிய வாக்குறுதி 1973இல் திரும்ப வந்தது, ‘எல்லாக் குழந்தைகளுக்கும்’ என்ற சொற்களோடு.

ஆனால் வர்ஜீனியாவில் ஒரு மாவட்டம் சொன்னதைச் செய்தே காட்டியது. 1959 முதல் 1964 வரை அங்கே பொதுப்பள்ளிகள் பூட்டியே கிடந்தன. அந்தப் பூட்டின் கதை அடுத்த வாரம்.